வெடி அடங்கிய பின் வருகிற காற்று

புகை பக்கேஜுக்குள் அடக்கம். மண்டபம் சோடிக்கிறவர் விரல் மடக்கிச் சொன்னார்: பல்லக்கு, பூப்பந்தல், கேக் மேசை, வாசலிலிருந்து மணவறை வரைக்கும் நிலத்தோடு ஊர்ந்து வரும் வெள்ளைப் புகை. பிள்ளை மேகத்தின் மேல் நடந்து வருவதுபோல இருக்கும் என்றார். ஸ்காபரோவில் பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற எந்தச் சாமத்திய வீட்டிலும் இப்போது பெண் மேகத்தின் மேல்தான் நடந்து வருகிறாள். எங்கள் மகளும் அப்படியே வரட்டும் என்று இருந்துவிட்டோம்.

அவளைக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டியவர் தாய்மாமன். எனக்கு ஒரே ஒரு அண்ணா. யுத்தம் முடிந்து சில வருடங்கள் எங்கெங்கோ அலைந்து ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தவர், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மென்றின் இரண்டாவது அறையில் இருந்தார். மகள் ஹோலில் ஓர் அலுமாரிக்குப் பின்னால் தன் உலகத்தை வைத்துக்கொண்டாள். அண்ணாவுடைய மனைவியும் மகனும் யுத்தத்தின் கடைசி நாட்களில் போய்விட்டார்கள். எப்படி என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் ஆட்கள் அவரைக் காட்டி "தப்பி வந்தவர்" என்பார்கள். சொல்லும்போது குரலில் ஒரு வாழ்த்து இருக்கும், பரீட்சை பாஸ் பண்ணினவனைச் சொல்வதுபோல. அண்ணா சிரித்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்ப்பார். விடியமுன் கொம்பனி வான் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய் ரெக்ஸ்டேலில் ஒரு பேக்கரியில் இறக்கும். பின்னேரம் மாவு வாசத்தோடு திரும்பி வருவார்.

சடங்குக்கு அவர் நிற்பதைப் பற்றி முதலில் வாயைத் திறந்தவர் என் கணவரின் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை; சீலைக்கு நிறம் தெரிவு செய்வது போன்ற குரலில் சொன்னார். "மாமி இல்லாமல் மாமன் தனிய வந்து நிக்கிறது கண்ணுக்கு வடிவில்லைப் பிள்ளை. வேறை ஆரையும் சோடியாய்ப் பிடிப்பம்." நான் பேச வாயெடுக்கமுன் அலுமாரிக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "எனக்கு ஒரு மாமாதான் இருக்கிறார். அவர் வராட்டி நானும் வரேல்லை. யூ கான் ஹாவ் த கேக்."

அண்ணா பட்டு வேட்டி கட்டினார். சால்வையை நாலு தரம் மடித்து, பிரித்து, திரும்ப மடித்தார். மண்டப வாசலில் நிறைகுடம் வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் மருமகளின் கையைப் பிடித்தபடி நின்றார். பாட்டுப் போட்டார்கள். கதவுகள் திறந்தன. இரண்டு பக்கத்திலிருந்தும் புகை வரத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததை வீடியோக்காரர் எடுத்திருக்கிறார். நான் ஒரு தரம்தான் பார்த்தேன். அண்ணா ஓடவில்லை, கத்தவில்லை. குனிந்து நிறைகுடத்தின் மேலிருந்த தேங்காயை எடுத்து நிலத்தில் வைக்கிறார், கவனமாக, உருண்டு போகாமல். சால்வையைக் குடத்துத் தண்ணீரில் அமுக்கி நனைக்கிறார். அதைப் பிள்ளையின் மூக்கிலும் வாயிலும் பொத்தி, அவளைச் சுவரோரமாக இழுத்துக் குந்தவைத்து, தான் முன்னால் குந்தி, தன் முதுகைப் புகைக்குக் காட்டுகிறார். எல்லாம் கைபழகினவனின் வேலைபோல, ஒன்றன்பின் ஒன்றாக. பாட்டு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஆரோ சிரிக்கிறார்கள். பிறகு சிரிப்பும் நின்று, பாட்டும் நின்று, புகை மெஷினின் சீறல் மட்டும் கேட்கிறது.

பதின்மூன்று வயதுப் பிள்ளை, தலை முழுக்கப் பூ, நகை, மேக்கப். நனைந்த சால்வைக்குள்ளிருந்து அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "மாமா, இற்ஸ் ஓகே. ஜஸ்ற் ஃபொக்." அவர் கை எடுக்கவில்லை. அவள் அப்படியே குந்திக்கொண்டிருந்தாள். புகை முழுக்கக் கலைந்து நிலத்துக் கம்பளத்தின் பூக்கள் தெரியும்வரைக்கும் இரண்டு பேரும் எழும்பவில்லை.

அன்றைக்கு விருந்தில் நல்ல சாப்பாடு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டு போனார்கள். போகும்போது சிலர் என் காதுக்குக் கிட்ட வந்து டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள். ஒருவர் என் கணவரின் தோளில் தட்டி, மச்சான் படத்துக்கு நல்ல சீன் ஒன்று கொடுத்துவிட்டார் என்றார். அண்ணா அதைக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றாமல் அறைக்குள் போனார். மறுநாள் வான் வந்து கீழே நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அதற்கு அடுத்த நாளும் அடித்தது. பிறகு அதுவும் வரவில்லை.

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: அண்ணாவை எப்படி வெளியே கொண்டுவருவது. கோயில், கடற்கரை, அஜக்ஸில் புதுவீடு குடிபுகுந்தவர்களின் பார்பிகியூ, எதற்குக் கூப்பிட்டாலும் "நீங்கள் போட்டு வாங்கோ" என்பார். டொக்டர் குளிசை தந்தார். குளிசையை விழுங்கினார். வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. நாங்கள் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, தனியே இருக்கிற நேரத்தில், குளியல் துவாயை நனைத்துப் பிழியாமல் அப்பார்ட்மென்றின் வெளிக்கதவுக்குக் கீழே இடுக்கில்லாமல் அடைத்து வைத்தார். நாங்கள் திரும்பிவந்து கதவைத் தள்ளினால் ஈரம் இழுபடும் சத்தம் வரும். அவர் வந்து, ஒன்றும் நடக்காததுபோல, துவாயை எடுத்துவிட்டுத் திறப்பார்.

தண்ணீர் கதவுக்கு வெளியே கசிந்து கொரிடோர்க் கம்பளத்தை நனைத்தது. கட்டடத்தைப் பார்க்கிற சூப்பிரின்ரென்டன் குழாய் ஒழுகுகிறது என்று ஆயுதப் பெட்டியோடு வந்தான். பிறகு, ஒழுகுவது குழாய் இல்லை என்று தெரிந்து, பெட்டி இல்லாமல், முறைப்பாடு சொல்ல வந்தான். மூன்றாந்தரம் அவன் வந்துபோன பின்னேரம் என் கணவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். நல்ல மனிதர். அண்ணாவுக்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

"இஞ்சை பாரும்," என்றார். "உது இனி எங்களாலை ஏலாது. அவருக்கெண்டு இடங்கள் இருக்கு. பாக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். நீர் ஒருக்கால் டொக்டரிட்டைக் கதையும்."

ஓம் என்றேன். கதைக்கிறேன் என்றேன்.

எதிர்க்கதவில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி இருந்தாள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எங்கள் கறி வாசத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொல்லாதவள். மறுநாட் காலையில் நான் கொரிடோரில் முழங்காலில் இருந்து பழந்துணியால் கம்பளத்தை ஒற்றிக்கொண்டிருந்தேன். அவள் தன் கதவைத் திறந்தாள். ஈரத்தைப் பார்த்தாள். எங்கள் கதவடியில் நீட்டிக்கொண்டிருந்த துவாயின் விளிம்பைப் பார்த்தாள். அதை வைத்தது யார் என்று கேட்டாள். என் சகோதரன் என்றேன். அவர் எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்று அடுத்த கேள்வி. சுரங்கம் இல்லை, யுத்தம் என்றேன். அவள் தலையை மெல்ல ஆட்டிவிட்டு ஒரு சொல் சொன்னாள்: ஆஃப்ரர்டாம்ப்.

பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தாள்.

கிழக்குக் கரையில் கேப் பிரெற்றன் என்கிற தீவில் அவள் பிறந்திருக்கிறாள். அங்கே ஆண்கள் நிலக்கரிக்காகக் கடலுக்கு அடியில் இறங்கினார்கள். அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரே ஷிஃப்ற். ஒருநாள் உள்ளே வெடித்தது. வெடித்த இடம் இவர்களுக்குத் தூரம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். அப்போதுதான் வயதான தொழிலாளர்கள் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். காற்றைத் திருப்பிவிடுவதற்காகச் சுரங்கத்துக்குள் கட்டித் தொங்கவிட்டிருந்த கன்வஸ் துணியை அறுத்து, வழியை மறித்து ஆணி அடித்தார்கள். இடுக்குகளில் தங்கள் சேர்ட்டுகளைக் கழற்றி, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் நனைத்து அடைத்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தார்கள். சித்தப்பாவுக்கு இருக்க முடியவில்லை. புதிதாகக் கலியாணம் கட்டியவர். வாசல் எந்தப் பக்கம் என்று தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, துணியை விலக்கிக்கொண்டு ஓடினார். அவரைக் கண்டெடுத்தபோது சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். கன்னம் இரண்டும் சிவந்து, அப்போதுதான் பனிக்குள் விளையாடிவிட்டு வந்த பிள்ளையைப்போல இருந்தாராம்.

அப்பா உயிரோடு வந்தார். அந்தத் தெருவில் அவரைக் காட்டி, தப்பி வந்தவர் என்றார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டில் படுத்தாலும் அறைக்கதவின் கீழே ஈரத்துணி. அம்மா ஒருநாளும் அதை எடுக்கவில்லை. துணிக்கு உட்பக்கத்தில், அவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

வெளியே காற்று நல்லதாகிவிட்டது என்று உள்ளே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாது, டியர்," என்றாள். "யாராவது வந்து தட்டும்வரைக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தட்டினார்கள். ஆனால் யாரோ வந்து தட்டினார்கள் என்பதை அவர் சாகும்வரைக்கும் முழுக்க நம்பவில்லை."

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. ஒரு சொல் பிடித்துவிட்டால் அதோடு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற எதிலாவது ஏறி இருக்க வேண்டும். அன்றைக்கு வேலைக்குப் போகிற ஸ்ட்ரீற்காரில் என் தரிப்பைத் தவறவிட்டு, கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பினேன். வாயால் சொல்லாமல் நாக்கால் மட்டும் அந்தச் சொல்லை உருட்டினேன். வாசிகசாலையில் புத்தகம் அடுக்குவது என் தொழில். அன்றைக்கு அடுக்கியதைவிட விரித்தது அதிகம்.

சுரங்கத்துக்குக் கீழே காற்றுக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. தீப்பிடிப்பது ஒன்று. விளக்கை அணைத்து ஆளையும் அணைப்பது ஒன்று. அழுகிய முட்டை நாறுவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து, எல்லாப் பெயரின் வாலிலும் டாம்ப் என்ற ஒரே சொல்லைக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல் இன்று ஈரத்தைக் குறிக்கிறது. அந்தப் பொருள் பிறகு ஏறியது. ஆதியில் அது வடகடலின் அந்தப் பக்கத்து மனிதர்கள் புகைக்கும் நீராவிக்கும் வைத்திருந்த பெயர். கரை தாண்டி வந்து, நிலத்துக்குக் கீழே இறங்கி, கொல்லும் மூச்சு என்று ஆகியிருக்கிறது. ஆஃப்ரர்டாம்ப் அந்தக் குடும்பத்தில் கடைசியாக வருவது. வெடி அடங்கிய பிறகு, நெருப்பு காற்றிலிருந்த உயிரைத் தின்றுவிட்டு, மிச்சம் விட்டுப்போகும் காற்று. அதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கொல்லும் பங்குக்கு மணமும் இல்லை. வெடியில் செத்தவர்களைவிட, வெடிக்குத் தப்பி எழும்பி நடந்து இதற்குள் போனவர்கள் கூடச் செத்த சுரங்கங்கள் பல. அப்படித்தான் அதற்குத் தனியாக ஒரு பெயர் வேண்டியிருந்திருக்கிறது.

தமிழில் என்ன எழுதலாம் என்று பார்த்தேன். ஆவி என்று எழுதினால் பேய்க்கதை ஆகிவிடும். பின்புகை என்று எழுதிப் பார்த்தேன். புகை கண்ணுக்குத் தெரியும்; இது தெரியாது. எங்களிடம் வெடிக்குச் சொற்கள் இருந்தன. செல்லுக்கு, கிபிர் விமானத்துக்கு, பதுங்குகிற பங்கர்க் குழிக்கு, எல்லாவற்றுக்கும் சின்னப் பிள்ளைகளே பெயர் சொன்னார்கள். எல்லாம் அடங்கின பிறகு, ஊர் மாறி, நாடு மாறி, பத்தொன்பதாம் மாடியில் ஒரு மனிதனின் அறைக்குள் வந்து நிற்கிற இதற்குச் சொல் இல்லை. அமைதி என்று செய்தியில் சொன்னார்கள். அதைத்தான் நாங்களும் சொன்னோம்.

டொக்டரிடம் கதைக்கவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று இலையுதிர்காலம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கணவாய் மீன் துப்பரவாக்கிக்கொண்டு நின்றேன். கட்டடத்தின் நெருப்பு அலாரம் அடிக்கத் தொடங்கியது. எங்கள் கட்டடத்தில் அது அடிப்பது புதிதில்லை. யாராவது ரொட்டி கருக்கினாலும் அடிக்கும். அண்ணா வந்த முதல் வருடங்களில் எங்களோடு படியிறங்கிக் கீழே வந்து நிற்பார். இந்த முறை அறைக்கதவைத் திறந்து, துவாயை எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனார். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது.

என் கணவர் மகளின் ஜக்கெற்றைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "வாரும். உவர் வரமாட்டார். கீழை போய் ஃபயர்காரரிட்டைச் சொல்லுவம்."

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றேன். "நான் இஞ்சை நிக்கிறன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா பயம் இருந்ததா தெரியாது.  மகள்தான் தகப்பனின் கையைப் பிடித்துப் படிப்பக்கம் இழுத்தாள். அவர்களுடைய காலடி கீழே போய்த் தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கொரிடோரின் மற்ற அந்தத்திலிருந்து ஒரு மணம் வந்தது, எண்ணெய் எரிந்த மணம். லைற்றைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிறம். இந்தமுறை ரொட்டி இல்லை.

அண்ணா வந்தார். என்னை உள்ளே இழுத்தார், கதவைச் சாத்தினார். கதவின் பின்னால் கட்டடக்காரர் ஒட்டிவைத்த அறிவித்தல் ஒன்று இருக்கிறது. கொரிடோரில் புகை இருந்தால் வெளியே போகாதே, ஈரத் துவாயால் கதவடியை அடை என்று ஆங்கிலத்தில். அண்ணா அதை வாசித்திருக்க மாட்டார். முழங்காலில் இருந்து துவாயை விரலால் அமுக்கி அமுக்கி அடைத்தார். இன்னொரு துவாயை நனைத்து என் கையில் தந்தார். நானும் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். கணவாய் மணக்கும் கையால் ஈரத் துவாயைப் பிடித்துக்கொண்டு, என் வயதில், பிள்ளைபோல.

அலாரம் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அவர் பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, துவாயைப் பார்த்துப் பேசினார்.

"பங்கருக்கை புகை வந்தது பிள்ளை. அவளின்ரை சீலையைக் கிழிச்சு நனைச்சு மூண்டு பேரும் பிடிச்சுக்கொண்டு இருந்தம். இருந்திருக்கலாம். கொஞ்ச நேரத்தாலை அது போயிருக்கும். நான்தான் ஓடச் சொன்னனான். நீங்கள் ரெண்டு பேரும் முன்னாலை ஓடுங்கோ, நான் பின்னாலை வாறன் எண்டன்."

கீழே தெருவில் ஃபயர் வண்டியின் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது.

"அவை என்ரை சொல்லுக் கேட்டவை," என்றார்.

 உன் பிழை இல்லை அண்ணா என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் சொல்லை வெளியிலிருந்து சொல்கிறவர்கள் சொல்ல வேண்டும். நான் அப்போது உள்ளே இருந்தேன். துவாயின் என் பக்கத்து நுனி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதை விரலால் அமுக்கினேன்.

கொரிடோரில் பாரமான சப்பாத்துகள் நடந்தன. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கதவிலும் இரண்டு தட்டு. ஒல் கிளியர், கீழ் மாடியில் ஒரு குசினியில் அடுப்பு நெருப்பு, அணைந்துவிட்டது, எல்லாரும் நலமா என்று ஒரு குரல் கேட்டது. நலம் என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன். சப்பாத்துகள் அடுத்த கதவுக்குப் போயின. எதிர்க்கதவு மூதாட்டியும் உள்ளேயேதான் இருந்திருக்கிறாள். அவள் பதில் சொல்வது கேட்டது. நான் துவாயை எடுக்கக் கைவைத்தேன்.

"பொறு பிள்ளை," என்றார் அண்ணா. "இன்னும் கொஞ்சம்."

பொறுத்தேன். என் ஃபோன் குசினி மேசையில் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. எழும்பி எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கணவாய் பழுதாகிப்போகிற அளவு நேரம். பிறகு படிப்பக்கக் கதவு திறந்து சாத்துகிற சத்தம். ஓடிவந்த கால்கள் எங்கள் கதவடியில் வந்து நின்றன. கதவைத் தள்ளவில்லை. ஈரக் கம்பளத்தில் ஆரோ இருந்தார்கள், முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு. கதவு ஒரு நூல் அளவு அதிர்ந்தது.

"மாமா," என்றாள் மகள். "நான் வெளியிலை இருக்கிறன். ரேக் யோர் ரைம்."

பத்தொன்பது மாடி படியேறி வந்தவள். அவளுக்கு மூச்சு வாங்கியது. நிலத்தோடு நிலமாக இருந்த எங்களுக்கு அது கதவின் மறுபக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. இழுத்து, விட்டு, இழுத்து. அண்ணா துவாயிலிருந்து கையை எடுக்காமல் மெல்லச் சரிந்து, காதைக் கதவில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, அவள் அந்தக் காற்றை ஒவ்வொரு தரமும் உள்ளே இழுப்பதையும் திரும்ப வெளியே விடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.